ஃபுல் பேக்கா, ஹாஃப் பேக்கா, மிட்ஃபீல்டா? ஃபுட்டி டிஃபெண்டரை எங்க நிறுத்தறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால், அங்க எல்லாரும் ஃபுட்டின்னு சொல்ற ஆட்டம். அதுல ஒரு டிஃபெண்டர் நாலு மேட்ச் நல்லா ஆடிட்டா போதும், "இவனை ஏன் இன்னும் பின்னாடியே வச்சிருக்காங்க, மிட்ஃபீல்டுக்கு தூக்குங்க"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. எனக்கு அதுல பாதி தான் உடன்பாடு. இந்த சண்டைல திரும்ப திரும்ப வர்ற கேள்விகளை இங்க போட்டிருக்கேன், ஆட்டமே புதுசுன்னா முதல் ரெண்டை படிச்சுட்டு மேல போங்க, ஏற்கனவே பாக்கறவங்கன்னா நேரா மூணாவதுக்கு தாவிடலாம்.

ஆட்டமே எனக்கு புதுசு. டிஃபென்ஸ்னா யார் யாரு?

கிரிக்கெட் ஆடற அதே ஓவல் கிரவுண்டு தான், எம்சிஜின்னா நீளம் மட்டும் சுமார் 160 மீட்டர். உள்ள டீமுக்கு 18 பேர். ரெண்டு முனைலயும் நாலு நாலு போஸ்ட் நிக்கும், நடு ரெண்டு போஸ்டுக்குள்ள கிக் பண்ணா 6 பாயின்ட், அதுக்கு பக்கத்து இடைவெளில போனா 1 பாயின்ட். கிக் பண்ண பால் 15 மீட்டராவது பறந்து வந்து, நடுவுல யாரும் தொடாம, கீழ விழாம நீங்க பிடிச்சா அது மார்க், யாரும் உங்களை மேல விழுந்து அமுக்க முடியாது, நிதானமா அடுத்த கிக் அடிக்கலாம். ஆஃப்சைடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, யார் வேணா எங்க வேணா ஓடலாம், அதனால தான் டிஃபெண்டர் எங்க நிக்கணும்ங்கிறதுக்கு இவ்ளோ பேச்சு.

பேப்பர்ல பின்னாடி 6 இடம். கோலுக்கு நேர் முன்னாடி ஃபுல் பேக், அவருக்கு ரெண்டு பக்கமும் பேக் பாக்கெட், கொஞ்சம் முன்னால நடுவுல சென்டர் ஹாஃப் பேக், அவருக்கு ரெண்டு பக்கமும் ஹாஃப் பேக் ஃபிளாங்க்.

அந்த ஆறு பேரும் அப்படியே அந்த இடத்துல தான் நிக்கிறாங்களா?

இல்ல. டீம் ஷீட் அச்சடிக்க மட்டும் தான் இப்ப அந்த பேர் எல்லாம். முன்னாடி காலத்துல உனக்கு எதிர்ல நிக்கிறவன் உன் ஆளு, சைரன் அடிக்கிற வரைக்கும் அவனை விடாதே, அவ்ளோ தான் பாடம். 2008-ல கோச் அலஸ்டேர் கிளார்க்சன் ஹாத்தோர்ன் டீமை வச்சு ஆளை விட்டுட்டு இடத்தை காவல் காக்கிற ஜோன் டிஃபென்ஸை பெரிய அளவுல ஆடி கப்பும் அடிச்சார், அதுக்கப்புறம் ஏஎஃப்எல்ங்கிற அந்த மொத்த லீகும் அந்த பக்கம் நகர்ந்துருச்சு.

இப்ப கோச்சுங்க பேசறது இடத்தை வச்சு இல்ல, வேலையை வச்சு. எதிர் டீமோட பெரிய ஃபார்வர்டை கட்டிப்போடற ஆளு, சின்ன ஃபார்வர்டுக்கு பின்னாடியே நிழல் மாதிரி சுத்தற ஆளு, தன் ஆளை கொஞ்சம் விட்டுட்டு நடுவுல வர்ற பாலை பறிக்கிற இன்டர்செப்ட் ஆளு, பறிச்ச பாலை வாங்கி நல்ல கிக்கா வெளிய கொண்டு போற ஆளு. ஒரே பிளேயர் இதுல ரெண்டு வேலை செய்யலாம். நாலும் செய்யறவன் எனக்கு தெரிஞ்சு யாரும் இல்ல.

சரி நேரா சொல்லுங்க, டிஃபெண்டருக்கு பெஸ்ட் பொசிஷன் எது?

இன்டர்செப்ட் பண்ற இடம். அதாவது சென்டர் ஹாஃப் பேக் பக்கம், கோலுக்கும் பாலுக்கும் நடுவுல, தன் ஆளுகிட்ட இருந்து அஞ்சாறு அடி தள்ளி. ஒரு நல்ல டிஃபெண்டரோட மொத்த திறமையும் அங்க தான் பலன் தரும்னு நான் நம்பறேன்.

ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, இதை சொல்லாம விடறவங்க தான் அதிகம். அந்த இடம் தானா இருக்கறது இல்ல. பக்கத்துல ஒருத்தன் எதிர் டீமோட முரட்டு ஃபார்வர்டை தனியா சமாளிச்சா தான் இவனுக்கு ஆளை விட்டு நகர முடியும். மெல்போர்ன் 2021-ல கப் அடிச்சப்போ பின்னாடி ஸ்டீவன் மே, ஜேக் லீவர்னு ரெண்டு பேர் இருந்தாங்க. லீவர் பறந்து பறந்து மார்க் பிடிப்பார், பேர் அவருக்கு. மே பெரிய ஆளை தோள்ல தாங்கிட்டு நிப்பார். லீவரை அடிலெய்டுல இருந்து 2017 கடைசில கொண்டு வந்தாங்க, மேயை கோல்ட் கோஸ்ட்ல இருந்து 2018 கடைசில. ரெண்டு பேரும் ஒண்ணா செட் ஆன அப்புறம் தான் அந்த டிஃபென்ஸ் பூட்டு போட்ட மாதிரி ஆச்சு, கிராண்ட் ஃபைனல்ல வெஸ்டர்ன் புல்டாக்ஸை 74 பாயின்ட் வித்தியாசத்துல அடிச்சாங்க.

அதனால "எது பெஸ்ட்"னு தனியா கேட்டா பதில் அரைகுறையா தான் வரும், "பக்கத்துல யாரு"ன்னு சேர்த்து கேக்கணும்.

இன்டர்செப்ட் பண்றதுல அப்படி என்ன பெரிய விஷயம்? தட்டி விட்டாலும் கோல் தடுத்தாச்சு இல்ல?

தட்டி விடறதுக்கு ஸ்பாயில்னு பேர், முஷ்டியால பாலை குத்தி தள்ளறது. நல்லது தான், ஆனா பால் கீழ விழுந்து எதிர் டீமோட குட்டி ஃபார்வர்டுங்க கால் கிட்ட உருளும், ஆபத்து இன்னும் முடியல. மார்க் பிடிச்சா அதே நொடில ஆட்டம் திரும்புது, ஏன்னா எதிர் டீம் மொத்தமும் கோல் அடிக்கலாம்னு முன்னாடி ஓடி வந்திருக்கும், அவங்க பின்பக்கம் காலி.

இதுக்கு 2018 கிராண்ட் ஃபைனலை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது. வெஸ்ட் கோஸ்ட், காலிங்வுட். கடைசி ரெண்டு மூணு நிமிஷம், வெஸ்ட் கோஸ்ட் பின்தங்கி இருக்கு. காலிங்வுட் உள்ள அடிச்ச பாலை ஜெரமி மெகவர்ன் பின்னாடி பறந்து பிடிக்கிறார், அதுவும் முந்தின வாரம் விலா எலும்புல வாங்கின அடியோட. அவர்கிட்ட இருந்து நேதன் வார்டி, அங்க இருந்து லியம் ரயன் ஒரு தாவு தாவி மார்க், அவர் கிக்ல டாம் ஷீட், பௌண்டரி ஓரத்துல இருந்து கோல். 79க்கு 74, 5 பாயின்ட்ல கப். எல்லாரும் ஷீட் அடிச்ச அந்த கிக்கை தான் பேசுவாங்க, அது கஷ்டமான கிக் தான் நான் மறுக்கல, ஆனா மெகவர்ன் அதை பிடிக்காம வெறும குத்தி விட்டிருந்தா அந்த சங்கிலியே இல்ல.

ஒண்ணு மட்டும், இந்த வேலைல உடம்புக்கு ஆபத்து ஜாஸ்தி. பாலை பாத்துட்டே பின்னால ஓடணும், எதிர்ல யார் வர்றான்னு தெரியாது. மெகவர்ன் 2025-ல தலைல பட்ட அடிகளால மெடிக்கல் காரணத்துக்காக ஆட்டத்தை விட வேண்டியதாச்சு, காலிங்வுட்டோட நேதன் மர்ஃபியும் 2024-ல அதே காரணத்துக்கு போனார், 2023 கிராண்ட் ஃபைனல்ல அவர் தலைல அடிபட்டு வெளிய போனதை பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அப்போ ஃபுல் பேக் வேஸ்ட்டா? பழைய ஆளுங்க ஃபுல் பேக் தான் ராஜான்னு சொல்றாங்களே

அவங்க பாத்த ஆட்டம் வேற. டோனி லாக்கெட், ஜேசன் டன்ஸ்டால், பெரிய கேரி ஆப்லெட் எல்லாம் ஒரு சீசன்ல நூறு கோல் அடிச்ச காலம் அது. லாக்கெட் மொத்தமா 1360 கோல், இன்னும் யாரும் அதை தொடல. அந்த மாதிரி ஆளுக்கு எதிரா தனியா, பின்னாடி யாருமே இல்லாம, எண்பது ஆயிரம் பேர் முன்னால நிக்கிறவனுக்கு தைரியம் எவ்ளோ வேணும்னு யோசிச்சு பாருங்க. ஸ்டீபன் சில்வாக்னியை 1996-ல அறிவிச்ச நூற்றாண்டின் டீம்ல ஃபுல் பேக்கா போட்டது சும்மா இல்ல. டஸ்டின் ஃபிளெட்சர் எஸென்டனுக்கு 1993-ல இருந்து 2015 வரைக்கும் 400 மேட்ச், பள்ளிக்கூட பையனா ஆரம்பிச்சு நாப்பது வயசுல முடிச்சார்.

ஆனா ஒரு சீசன்ல நூறு கோல் கடைசியா அடிச்சது லான்ஸ் ஃபிராங்க்ளின், 2008-ல. அதுக்கப்புறம் யாரும் இல்ல. கோல் இப்ப பத்து பேர்கிட்ட பிரிஞ்சு வருது, அதனால ஃபுல் பேக் ஒரே ஆளை பிடிச்சு நிறுத்திட்டா மேட்ச் முடிஞ்சுதுங்கிற கதை இல்ல. அந்த இடத்தோட பெருமை குறைஞ்சது அதனால தான், கஷ்டம் குறையல. என்னை கேட்டா இன்னைக்கும் மைதானத்துல ரொம்ப கஷ்டமான வேலை அது தான், ரொம்ப பலன் தர்ற வேலை தான் வேற. ஜிடபிள்யூஎஸ் டீமோட சாம் டெய்லரை ஒரு மேட்ச் முழுக்க பாலை மறந்துட்டு அவரை மட்டும் பாருங்க, ஃபார்வர்டு ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இடுப்பால லேசா ஒரு இடி, அதுலயே அந்த ஓட்டம் அரை நொடி லேட்.

அப்புறம் ஃபுல் பேக்னா கோல் வாசல்லயே குடியிருக்கணும்னு இல்ல. 2009 கிராண்ட் ஃபைனல் கடைசில ஜீலாங்கோட மேத்யூ ஸ்கார்லெட் கிரவுண்டு நடுவுல வந்து கால் கட்டை விரலால பாலை ஒரு தட்டு தட்டி மகன் கேரி ஆப்லெட்டுக்கு கொடுத்தாரே, அந்த மூவ்ல தான் போல் சாப்மன் கோல் அடிச்சு செயின்ட் கில்டா கதை முடிஞ்சுது. ஃபுல் பேக் சென்டர்ல என்ன பண்றார்னு அப்ப யாரும் கேக்கல.

நம்ம பிளேயர் ஹாஃப் பேக்ல பின்னி எடுக்கிறான். மிட்ஃபீல்டுக்கு மாத்தலாமா வேணாமா?

இது தான் உண்மையான சண்டை, மத்ததெல்லாம் முன்னுரை.

மாத்தலாம்ங்கிறவங்க வாதம் சுலபமா புரியும். மிட்ஃபீல்டர் கைல பால் அதிக தடவை வரும், நடுவுல ஜெயிச்சா நேரா கோல் பக்கம் போகும், நல்ல ஆளை பால் இருக்கிற இடத்துல வை. உதாரணமும் ஏராளம். கேலம் மில்ஸ் 2016-ல சிட்னிக்கு ஹாஃப் பேக்ல ஆடி சிறந்த இளம் பிளேயருக்கான ரைசிங் ஸ்டார் விருது வாங்கினார், அப்புறம் மிட்ஃபீல்டர். அடிலெய்டு ரோரி லேர்ட் 2017, 2018 ரெண்டு வருஷமும் டிஃபெண்டரா, லீக்லயே சிறந்தவங்களை பொறுக்கி அறிவிக்கிற ஆல் ஆஸ்திரேலியன் டீம்ல வந்தவர், 2020-ல உள்ள போய் பால் குவிக்க ஆரம்பிச்சார். ஜோர்டன் டாசன் சிட்னில ஹாஃப் பேக், விங் (நடுவரிசையோட ஓரம்)னு இருந்துட்டு அடிலெய்டு வந்து மிட்ஃபீல்டரா கேப்டன் ஆனார். ஃப்ரீமேன்டில் ஹேடன் யங் இன்னொருத்தர்.

இப்ப எல்லாரும் எடுத்து காட்டறது நசையா வாங்கனீன்-மிலேரா, செயின்ட் கில்டா. ஹாஃப் பேக்ல அழகா கிக் அடிக்கிற பையன். 2025-ல அவரை நடுவுக்கு கொண்டு வந்தாங்க. ஜூலை மாசம் மெல்போர்ன் கூட மேட்ச், மூணு குவார்ட்டர் முடியறப்போ செயின்ட் கில்டா 46 பாயின்ட் பின்னாடி, வண்டி பிடிச்சு வீட்டுக்கு கிளம்பினவங்க கூட இருந்திருப்பாங்க. கடைசி நொடிகள்ல அவரே கோல் அடிச்சு சமன் பண்ணார், அடுத்து ஒரு மார்க் பிடிச்சு, சைரன் அடிச்ச அப்புறம் அதுல இன்னொரு கோல் அடிச்சு ஜெயிக்க வச்சார். கடைசி குவார்ட்டர்ல இவ்ளோ பெரிய பள்ளத்துல இருந்து எந்த டீமும் அதுக்கு முன்னாடி ஜெயிச்சதில்ல. இதை பாத்துட்டு "அவரை ஹாஃப் பேக்லயே வச்சிருக்கணும்"னு யார் வாதாடுவா?

நான் வாதாடறேன், ஆனா அவர் விஷயத்துல இல்ல. மத்த எல்லார் விஷயத்துலயும்.

ஹாஃப் பேக்ல நிக்கிறவனுக்கு எதிர்ல மொத்த கிரவுண்டும் விரிஞ்சு தெரியும், பால் கைக்கு வர்றப்போ பெரும்பாலும் ஒரு ரெண்டு நொடி அவகாசம் இருக்கும், அதுல தான் அவனோட 45 மீட்டர் கிக் அழகா போகுது. அவனையே சென்டர் பௌன்ஸ்ல (கிரவுண்டு நடுவுல அம்பயர் பாலை எழுப்பி ஆட்டத்தை ஆரம்பிக்கிறது, 2026-ல பௌன்ஸை விட்டுட்டு தூக்கி போட ஆரம்பிச்சாங்க, நான் பழைய பேரையே சொல்றேன்) எட்டு பேர் முட்டி மோதற இடத்துல தள்ளினா முதுகை காட்டிட்டு பால் எடுக்கணும், எடுத்த உடனே யாராவது இடுப்புல தொங்குவான், அந்த கிக்கே அங்க வெளிய வராது, கையால பாலை குத்தி பாஸ் பண்ற ஹேண்ட்பால் தான் வரும். வாங்கனீன்-மிலேராவுக்கு அந்த நெரிசல்ல வழுக்கிட்டு போற கால் இருக்கு, எல்லா ஹாஃப் பேக்குக்கும் இருக்காது. வீட்டை நல்லா பாத்துக்கிறான்னு காவல்காரனை சந்தைக்கு அனுப்பினா சந்தைல என்ன லாபம் வரும்னு தெரியாது, வீடு மட்டும் காலி.

அந்த காலி இடத்தை யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்கிறாங்க, அதான் எனக்கு எரிச்சல். நல்ல கிக் பின்னாடி இருந்து போயிட்டா அடுத்த வாரத்துல இருந்தே பால் வெளிய வராம திரும்ப திரும்ப உள்ள வரும், அப்ப திட்டு ஃபுல் பேக்குக்கு விழும்.

மாத்தறதா வேணாமான்னு கோச் எப்படி முடிவு பண்ணணும்?

நான் மூணு விஷயம் பாப்பேன். அடி விழுந்துட்டே தரைல இருக்கிற பாலை எடுக்கறானா, இவன் போன இடத்துக்கு அதே மாதிரி கிக் இருக்கிற இன்னொருத்தன் டீம்ல இருக்கானா, எதிர் டீம் இவனுக்குன்னே ஆள் போட ஆரம்பிச்சாச்சா.

மூணாவது ரொம்ப முக்கியம். நிக் டேகோஸ் 2022-ல காலிங்வுட் ஹாஃப் பேக்ல ஆடி ரைசிங் ஸ்டார் வாங்கினார். எல்லா டீமும் முழிச்சுக்கிச்சு. 2023-ல ஹாத்தோர்ன் அவர் பின்னாடி ஃபின் மெகின்னஸை ஒட்ட விட்டாங்க, அந்த மேட்ச்ல டேகோஸ்க்கு பால் வந்ததே அஞ்சு தடவை தான், முட்டில அடியும் பட்டுச்சு அது வேற விஷயம். ஹாஃப் பேக்ல ஒரே இடத்துல இருக்கிறவன் மேல ஆள் போடறது சுலபம். அந்த வருஷம் கோச் கிரெய்க் மெக்ரே அவரை ஹாஃப் பேக்கும் மிட்ஃபீல்டுமா மாத்தி மாத்தி ஆட விட்டார், காலிங்வுட் பிரிஸ்பேனை 4 பாயின்ட்ல ஜெயிச்சு கப்பும் எடுத்தாங்க. இப்படி பாதி பாதியா பிரிக்கிறது தான் எனக்கு புத்திசாலித்தனமா படுது, சென்டர் பௌன்ஸ்க்கு உள்ள போ, பத்து நிமிஷம் கழிச்சு பின்னாடி வந்து ரெண்டு கிக் அடி.

6-6-6 ரூல் வந்தப்புறம் இதுல என்ன மாறுச்சு?

2019-ல வந்த ரூல். சென்டர் பௌன்ஸ் நடக்கறப்போ ரெண்டு 50 மீட்டர் வளைவுக்குள்ளயும் ஒவ்வொரு டீமுக்கும் 6 பேர், நடுவுல 6 பேர்னு நிக்கணும். அதுக்கு முன்னாடி லீடிங்ல இருக்கிற டீம் ஏழாவது ஆளை, எட்டாவது ஆளை பின்னாடி நிறுத்தி வாசலை அடைச்சுடும், இன்டர்செப்ட் ஆளுக்கு அது சொர்க்கம். இப்ப நடுவுல பால் எழும்பற அந்த நொடில ஆறுக்கு ஆறு, எல்லாருக்கும் ஒரு ஆள். ஆளோட ஆளு மோதி ஜெயிக்கிற பழைய டைப் டிஃபெண்டருக்கு இதனால மதிப்பு கொஞ்சம் திரும்ப வந்துச்சு. பால் நகர ஆரம்பிச்ச உடனே விங்ல இருக்கிறவன் பின்னாடி ஓடி வந்துடுவான், அது வேற.

மேல சொன்ன செயின்ட் கில்டா மேட்ச்ல சமன் ஆன அப்புறம் பால் எப்படி அவ்ளோ சீக்கிரம் திரும்ப முன்னாடி போச்சு தெரியுமா, மெல்போர்ன் இந்த 6-6-6ஐ மீறி நின்னாங்க, ஃப்ரீ கிக், ரோவன் மார்ஷல் அடிச்சார், வாங்கனீன்-மிலேரா பிடிச்சார். பின்னாடி ஆள் கணக்கு தப்பினா என்ன ஆகும்னு இதுக்கு மேல காட்ட முடியாது.

உயரம் கம்மியா இருந்தா டிஃபென்ஸ் ஆட முடியாதா?

கேலப் டேனியல் 168 சென்டிமீட்டர். தலைல ஹெல்மெட் மாட்டிட்டு வெஸ்டர்ன் புல்டாக்ஸ் பின்வரிசைல கிக் அடிச்சு 2020-ல ஆல் ஆஸ்திரேலியன் டீம்ல இருந்தார். லியோ பேரி சுமார் 184, தன்னை விட பெரிய ஃபார்வர்டுங்க மேல தான் வாழ்நாள் முழுக்க ஆடினார், 2005 கிராண்ட் ஃபைனல் கடைசி நொடில கூட்டத்துக்கு மேல பறந்து பிடிச்ச அந்த மார்க் தான் சிட்னிக்கு 72 வருஷம் கழிச்சு கப் கொடுத்துச்சு, 58க்கு 54. சின்ன ஆளுங்களுக்கு வேற வேலை நிறைய இருக்கு, பால் கீழ விழுந்த அப்புறம் அவங்க ராஜ்யம்.

அண்டர் 12 ஆடற என் பையனை கோச் எப்பவும் பேக் பாக்கெட்லயே போடறார். ஓரம் கட்டறாரா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சின்ன பசங்க ஆட்டத்துல பால் எந்த பக்கம் போகுதோ அந்த பக்கம் மொத்த கூட்டமும் ஓடும், பேக் பாக்கெட்ல நிக்கிற பையன் புல்லை பாத்துட்டு நிப்பான், குளிர்ல வேற. அந்த வயசுல எல்லா இடத்துலயும் மாத்தி மாத்தி ஆட விடறது தான் சரி. கோச்கிட்ட சண்டைக்கு போகாம, அடுத்த மேட்ச்ல ஒரு குவார்ட்டர் வேற இடத்துல விட முடியுமான்னு கேளுங்க, அவரும் யாரோ ஒரு பையனோட அப்பாவா அம்மாவா தான் இருப்பார், சம்பளம் இல்லாம வந்து நிக்கிறார்.

பேக் பாக்கெட்டை கேவலமா நினைக்காதீங்க அது மட்டும். கெவின் ஷீடி தொழில்ல பிளம்பர், ரிச்மண்டுக்கு பேக் பாக்கெட்ல ஆடி கப் எல்லாம் அடிச்சவர், பின்னாடி எஸென்டன் கோச்சா 27 வருஷம். கேவின் வாங்கனீன் 1993-ல டிஃபெண்டரா ஆடியே, லீக்கோட சிறந்த பிளேயருக்கு கொடுக்கிற பிரௌன்லோ மெடல் வாங்கினார்.

பிரௌன்லோ பேச்சு வந்ததால கேக்கறேன், டிஃபெண்டருக்கு ஏன் அது கிடைக்கிறதே இல்ல?

ஓட்டு போடறது ஃபீல்டு அம்பயர்ஸ், 3, 2, 1ன்னு. அவங்க பால் பக்கத்துலயே இருப்பாங்க, பால் பக்கத்துல இருக்கிறது மிட்ஃபீல்டர். ஒரு ஃபார்வர்டுக்கு மேட்ச் முழுக்க பாலே வராம பண்ணவன் வேலை அம்பயர் கண்ணுக்கு தெரியாது, தெரியற மாதிரி இருந்தா அவன் சரியா செய்யலன்னு அர்த்தம். கிராண்ட் ஃபைனல்ல சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் மெடல் பரவால்ல, 2008 லூக் ஹாட்ஜ், 2013 பிரயன் லேக், 2016 ஜேசன் ஜொஹானிசன்னு டிஃபெண்டருங்க வாங்கி இருக்காங்க. மெடல் வேணும்னு பொசிஷன் மாத்தறது எல்லாம் சின்னப்புள்ளத்தனம், பிளேயரோட மேனேஜருக்கு வேணா அது சந்தோஷம்.

ஃபார்வர்டா சொதப்புறவனை பின்னாடி தள்ளினா சரியாகிடுமா?

சில பேருக்கு சூப்பரா ஆகும். டார்சி மூர் காலிங்வுட்டுக்கு ஃபார்வர்டா தான் வந்தார், இப்ப லீக்லயே நல்ல இன்டர்செப்ட் டிஃபெண்டர்கள்ல ஒருத்தர், 2023 கப் கேப்டன். ஹாத்தோர்ன் ஜேம்ஸ் சிசிலி ஃபார்வர்டா ஆரம்பிச்சு பின்னாடி வந்து கேப்டன் ஆனார். மெகவர்னும் ஆரம்பத்துல முன்னாடி ஆடினவர் தான். காரணம் இருக்கு, ஃபார்வர்டு எந்த பக்கம் ஓடுவான், பால் எங்க விழும்னு தெரிஞ்சவன், இப்ப அதையே எதிர் பக்கத்துல இருந்து படிக்கிறான். அதோட ஃபார்வர்டு ஓடி போய் பாலை வரவழைக்கணும், டிஃபெண்டருக்கு பால் தானா வரும்.

ஆனா சோம்பேறி ஃபார்வர்டு சோம்பேறி டிஃபெண்டராவும் தான் இருப்பான், இடம் மாத்தினா குணம் மாறாது.

வயசான மிட்ஃபீல்டரை ஹாஃப் பேக்ல ஒதுக்கறாங்களே, அது ஓய்வூதிய பொசிஷனா?

அப்படி கிண்டல் பண்றவங்க டேய்ன் ஜோர்கோவை பாக்கணும். பிரிஸ்பேன்ல ஃபார்வர்டு, மிட்ஃபீல்டு, அஞ்சு வருஷம் கேப்டன், எல்லாம் முடிச்சு ஹாஃப் பேக் வந்து 2024-ல 35 வயசுல ஆல் ஆஸ்திரேலியன். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பிரிஸ்பேன் கப். ஓட்டம் குறைஞ்சாலும் கிக்கும் கண்ணும் குறையறது இல்ல, அந்த ரெண்டும் அங்க தான் அதிகம் வேணும். ஹாட்ஜ் ஹாத்தோர்ன்ல நாலு கப் அடிச்சுட்டு 2018-ல பிரிஸ்பேன் வந்து சின்ன பசங்களுக்கு நடுவுல பின்னாடி நின்னு கத்திட்டே ரெண்டு வருஷம் ஆடினார், பின்னாடி பிரிஸ்பேன் கேப்டன் ஆன டிஃபெண்டர் ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் அப்ப அந்த பசங்கள்ல ஒருத்தர்.

ஃபேன்டஸில ஹாஃப் பேக்குக்கு ஏன் இவ்ளோ பாயின்ட் வருது?

கிக்-இன். எதிர் டீம் 1 பாயின்ட் அடிச்சா டிஃபெண்டர் கோல் ஸ்கொயர்ல இருந்து பாலை திரும்ப ஆட்டத்துக்கு கொண்டு வரணும், 2019ல இருந்து தனக்கு தானே கிக் பண்ணிக்காமலே வெளிய ஓடலாம்னு ஆக்கிட்டாங்க. அதை யார் எடுக்கறாங்கன்னு பாருங்க, அவரை எடுங்க. ஆனா ஃபேன்டஸி பாயின்ட் வச்சு டிஃபெண்டரோட தரத்தை பேசினா நான் பதில் சொல்ல மாட்டேன்.

சிக்கல்ல இருந்தா பாலை தன் கோல் லைனுக்கே தள்ளி 1 பாயின்ட் கொடுத்துடலாமே?

2008 கிராண்ட் ஃபைனல்ல ஹாத்தோர்ன் அதை 11 தடவை பண்ணாங்க. ஜீலாங் ஸ்கோர் 11.23, அதாவது 11 கோல், 23 ஒத்தை பாயின்ட், அந்த 23ல கிட்டத்தட்ட பாதி இப்படி வந்தது. அடுத்த வருஷமே ரூல் கொண்டு வந்தாங்க, நெருக்கடி இல்லாம வேணும்னே தள்ளினா எதிர் டீமுக்கு கோல் வாசல்லயே ஃப்ரீ கிக். நெருக்கடில தள்ளலாம்.

மழை, கிரவுண்டு சைஸ் எல்லாம் பாத்து பின்வரிசையை மாத்தணுமா?

கட்டாயம். மழைல பால் சோப்பு மாதிரி வழுக்கும், பறந்து மார்க் பிடிக்கிற உயரமான ஆளுங்க மூணு பேர் இருந்தா ரெண்டு பேர் சும்மா நிப்பாங்க, ஒரு உயரத்தை வெளிய வச்சுட்டு ஓடற ஆளை உள்ள எடுக்கணும். ஜீலாங்கோட கார்டினியா பார்க் நீளமா, ஒடுக்கமா இருக்கும், அகலம் சுமார் 115 மீட்டர் தான், அங்க ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கத்துக்கு பாலை மாத்தற ஹாஃப் பேக் கிக்குக்கு பெருசா இடமே கிடைக்காது, எம்சிஜில அதே கிக் தங்கம்.

பெண்கள் லீக்ல இதே கணக்கு தானா?

பெண்கள் லீகான ஏஎஃப்எல்டபிள்யூல உள்ள 16 பேர் தான், நடுவுல ஆட்டம் ஆரம்பிக்கறப்போ 5-6-5. பின்னாடி ஒரு ஆள் குறையறதால ஆளை விட்டுட்டு நகர்ந்து பறிக்கிறவளுக்கு மதிப்பு இன்னும் அதிகம்னு தோணுது. அடிலெய்டு செல்சி ராண்டல் பின்னாடி பறந்து பிடிச்ச மார்க்குங்களை பாத்தா புரியும். லிபி பர்ச் மூணு வேற வேற கிளப்ல கப் அடிச்சிருக்காங்க, புல்டாக்ஸ், மெல்போர்ன், நார்த் மெல்போர்ன். மூணுலயும் டிஃபெண்டர். தற்செயல்னு நான் நினைக்கல.

டிவில பாத்து ஒரு டிஃபெண்டர் நல்லா ஆடறானான்னு சொல்ல முடியுமா?

கஷ்டம். கேமரா பாலை துரத்தும், டிஃபெண்டர் வேலை பால் வர்றதுக்கு பத்து நொடி முன்னாடி நடக்கும். மைதானத்துக்கு போனா பக்கவாட்டு சீட் வாங்காதீங்க, கோலுக்கு பின்னாடி, மேல் அடுக்குல உக்காருங்க, விலையும் பெரும்பாலும் கம்மி தான். அங்க இருந்து பாத்தா யார் கையை நீட்டி யாரை நகர்த்தறான், யார் தன் ஆளை விட்டு எப்ப கிளம்பறான், எல்லாம் தெரியும். முதல் குவார்ட்டர்ல ஒண்ணும் புரியாது, பக்கத்து சீட்ல எப்படியும் ஒரு தாத்தா டிஃபெண்டரை திட்டிட்டே இருப்பார், அவர் யாரை திட்டறாரோ அவனை கவனிங்க.